காகத்துக்குப் பாதுகாப்புக் கொடுத்த கறுவா

 

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் காகத்துக்குக் குறைவில்லை. ஏசுகிறோம், விரட்டுகிறோம். ஆனால் ஒரு காலத்தில் இங்கே காகத்தைக் கொல்வது தண்டனைக்குரிய குற்றம். சட்டம் போட்டவர்கள் ஒல்லாந்தர். காரணம் கறுவா.

கறுவாப் பழம் சிறியது, பழுத்தால் கருநீலம். உள்ளே ஒரே ஒரு விதை. பறவை பழத்தை விழுங்கும். சதை செரித்துவிடும், விதை எச்சத்தோடு வேறோர் இடத்தில் விழுந்து முளைக்கும். கறுவா விதையை எடுத்து வைத்துக் காயவிட்டால் கொஞ்ச நாளிலேயே முளைக்காமல் போய்விடும். ஆகவே உடனுக்குடன் கொண்டுபோய்ப் போடும் பறவைதான் அந்த மரத்துக்குத் துணை.

1656இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தக் கம்பனிக்கு, நூறு வருடத்துக்கு மேலாகக் கறுவா வந்தது காட்டிலிருந்துதான். பட்டை உரிக்கும் வேலையைச் சலாகம சமூகத்தவர் மீது கட்டாய ஊழியமாகச் சுமத்தினார்கள். விதைக்கும் வேலையைப் பறவைகள் கூலியில்லாமல் செய்தன. அதனால்தான் காகத்துக்குப் பாதுகாப்பு. பிற்காலத்தில் இங்கே குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் இதைத் தன் நூலில் எழுதிவைத்திருக்கிறார்.

இதில் அகப்பட்டுக்கொண்டது சாதாரண மனிதன். பறவையின் எச்சத்தால் உங்கள் வளவில் ஒரு கறுவாக்கன்று முளைத்தால், அது உங்களுடையதல்ல, கம்பனியுடையது. அதை அழித்தாலோ, பட்டையை விற்றாலோ மரண தண்டனை வரை போகலாம். காகத்தையும் கொல்ல முடியாது, கன்றையும் பிடுங்க முடியாது. காணி மட்டும் உங்கள் பெயரில்!

1760களில் கண்டி அரசனோடு போர் மூண்டது. காட்டுக் கறுவாவை மட்டும் நம்பியிருக்க முடியாத நிலை. ஆளுநர் ஃபால்க் காலத்தில் மருதானைப் பக்கம் கறுவாவைத் தோட்டமாகவே நடத் தொடங்கினார்கள். இன்றைய கொழும்பு 7க்குக் கறுவாத்தோட்டம் என்ற பெயர் அப்படி வந்ததுதான். கறுவா மீதான அரச ஏகபோகம் ஆங்கிலேயர் காலத்தில், 1833இல்தான் ஒழிந்தது.

ஆனால் பறவைக்கு ஏகபோகம் தெரியாது. சீஷெல்ஸ் தீவில் பிரெஞ்சுக்காரர் 1772இல் ஒரு வாசனைப்பயிர்த் தோட்டம் போட்டார்கள். 1780இல் எதிரிக் கப்பல் வருகிறது என்று நினைத்து, அவன் கையில் போகக்கூடாதென்று தாங்களே அதைக் கொளுத்தினார்கள். வந்தது பிரெஞ்சுக் கப்பல்! அதற்குள் பறவைகள் கறுவா விதையை மலைக்குக் கொண்டுபோயிருந்தன. இன்று அங்கே மாஹே தீவின் காடுகளில் எங்கு பார்த்தாலும் கறுவா மரம்.

கொழும்பு 7இல் இன்று கறுவாவின் பெயர்தான் மிச்சம். ஆனால் காகமும் கொண்டைக்குருவியும் இன்னும் அதே வேலையைச் செய்கின்றன. மாடிச் சுவர் வெடிப்பில் முளைக்கும் ஆலங்கன்று அவை போட்டதுதான். நாம்தான் பழமரங்களை வெட்டி, முற்றத்துக்குச் சீமெந்து பூசி, விழும் விதைக்கு மண் இல்லாமல் செய்துவிட்டோம்.

நம் வளவில் முளைப்பதைச் சொந்தம் கொண்டாட இன்று எந்தக் கம்பனியும் இல்லை. நாவலோ, ஜம்போ, கொய்யாவோ, இடமுள்ளவர்கள் ஒரு மரமாவது வையுங்கள். நட்ட மரத்தில் பறவை தின்றாலும் நட்டவருக்கு அது ஸதகா என்பது நாம் அறிந்த ஹதீஸ்தானே.