மலைச்சாலையும் மின்காரும்

நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட தேயிலைத் தோட்டச் சாலையில் முதலாவது மோட்டர் மலையேற்றப் போட்டி 1934 இல் நடைபெற்றது. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 6,000 அடி மேலே காற்று அடர்த்தி குறைந்தது. காற்றை உண்டு எரியும் பெற்றோல் எஞ்சின் அங்கே வலுவிழக்கும். மின்மோட்டருக்கு இக்குறை இல்லை. ஆகவே மலைச்சாலை மின்காருக்கே உரியதாயிருந்திருக்க வேண்டும். வரலாறோ வேறுவழி சென்றது.

ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் பேர்போன போர்ஷே நிறுவனம் மின்காருக்கு மாறியது புதுமை எனப் பலர் கருதுவர். உண்மையில் அது ஒரு மீள்வருகையே. பேர்டினண்ட் போர்ஷே தம் இளமையில் லோனர் நிறுவனத்துக்கு வடிவமைத்த கார், சக்கரங்களுக்குள்ளேயே மின்மோட்டர் பொருத்தப்பட்டு, 1900 இல் பாரிஸ் பொருட்காட்சியில் வைக்கப்பட்டது. நான்கு சக்கரங்களிலும் மோட்டர் கொண்ட அதன் பந்தய வடிவத்துக்கு ஈய மின்கலங்கள் மட்டும் 1,800 கிலோ கிராம். அப்பாரத்துடன் ஏற்றத்தில் விரைய அதனால் இயலவில்லை. மின்காரை வீழ்த்தியது மோட்டரன்று, மின்கலமே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அவர் பெயர் தாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் 1948 இல் பெற்றோலிலேயே ஓடிற்று. இலித்தியம் மின்கலம் வளர்ந்த பின்னரே, 2019 இல், 800 வோல்ட் மின்னமைப்புடைய டைக்கான் வெளிவந்தது.

அதற்கு முந்திய ஆண்டே மலை தன் தீர்ப்பை மாற்றிவிட்டது எனலாம். அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றத்தில் வொக்ஸ்வாகன் மின்கார் 7 நிமிடம் 57 செக்கனில் உச்சியை அடைந்தது. எட்டு நிமிடத்துக்குள் அம்மலையை எவரும் அதற்கு முன் ஏறியதில்லை.

நம் நாடும் இதில் முற்றாக விலகி நிற்கவில்லை. கொழும்பின் கோட்ஜென் என்னும் மென்பொருள் நிறுவனம் 2013 இல் 'வேகா' என்னும் மின் ஸ்போர்ட்ஸ் காரை ஆக்கத் தொடங்கிற்று. 2020 இல் ஜெனீவாக் கண்காட்சியில் அது அரங்கேறவிருந்தது. கொரோனாவால் கண்காட்சியே இரத்தாயிற்று.

கார்களை விட்டு, அவற்றுக்கான மின்சாரம் எங்கிருந்து வருகிறது என நோக்கின் மலையகத்தின் பங்கு புலனாகும். மஸ்கெலியா, கெகெல்கமு ஓயாக்களின் நீர்வீழ்ச்சியால் மின் ஆக்கலாம் எனப் பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918 இலேயே எடுத்துரைத்தார். 1950 இல் லக்சபானவில் 25 மெகாவாற் நிலையம் இயங்கலாயிற்று. பின்னர் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் எழுந்தன. பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கிற்று. கம்பிகள் தோட்டங்களின் மேலாகக் கொழும்புக்குச் சென்றன. அவற்றின் கீழிருந்த லயங்களிலோ பல தசாப்தங்கள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. மின்காரின் வரலாற்றை எழுதுவோர் மோட்டரையும் மின்கலத்தையும் ஆராய்கின்றனர். அணைக்கு நிலம் தந்தோர் அவ்வேடுகளில் அரிதாகவே இடம்பெறுகின்றனர்.