மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஹார்மோன் மாற்றங்கள்

மாதவிடாய் நிற்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, வயது ஏற ஏற, பெண்களின் இனப்பெருக்க ஹார்மோன்களில் ஏற்படும் மாற்றங்கள். ஈஸ்ட்ரோஜன் குறைவதே இவற்றின் தொடக்கம் என்ற பரவலான எண்ணம் சரியன்று. மாதவிடாய் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போதே பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்களில் முட்டை வளரத் தூண்டும் எஃப்.எஸ்.எச். உயர்வதையும் முட்டை வெளிவரத் தூண்டும் எல்.எச். இயல்பாகவே இருப்பதையும் ஷெர்மன், வெஸ்ட், கோரன்மன் ஆகிய ஆய்வாளர்கள் 1976இல் காட்டினர். சினைப்பையில் முட்டைகளைத் தாங்கும் நுண்பைகள் குறையும்போது, அவை சுரக்கும் இன்ஹிபின்-பி என்ற ஹார்மோனும் குறைகிறது. அது பிட்யூட்டரிக்கு இட்டிருந்த கடிவாளம் தளர்ந்து எஃப்.எஸ்.எச். ஏறுகிறது. அதன் தூண்டுதலால் நுண்பை முன்கூட்டியே வளர்கிறது. 28 நாள் சுழற்சி 25, 26 நாளாகச் சுருங்கலாம். சுருங்குவது பெரும்பாலும் முட்டை வெளிவருவதற்கு முந்தைய பகுதியே.

உடல் திடீரெனச் சூடேறி வியர்ப்பது ஈஸ்ட்ரோஜன் குறைவின் அடையாளம் அல்லவா என்று கேட்கலாம். அந்தத் தொல்லை கூடுதலாக வருவது இந்த மாற்றக் காலத்தின் இறுதிக் கட்டத்தில். முதன்மை ஈஸ்ட்ரோஜனான எஸ்ட்ராடியால் தெளிவாகச் சரிவதும் கடைசி மாதவிடாய்க்கு ஏறத்தாழ 2 ஆண்டுகள் முன்புதான். அதுவரை அதன் அளவு ஏறி இறங்கும்; சில வேளை இளவயது அளவையும் தாண்டும். முட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் போதாமல் உதிரப்போக்கு மிகலாம். எஃப்.எஸ்.எச். முதலில் உயர்கிறது என்றால் ஒரே ரத்தப் பரிசோதனை போதாதா? போதாது, எஃப்.எஸ்.எச். அளவு மாதத்துக்கு மாதம் மாறும். எனவேதான் பெண்களின் இனப்பெருக்க முதுமையைக் கட்டங்களாகப் பிரிக்கும், 2012இல் வெளியான ஸ்ட்ரா+10 வகைப்பாடு, மாதவிடாய்ப் போக்கை முதல் அளவுகோலாகவும் ஹார்மோன் அளவைத் துணைச் சான்றாகவும் கொள்கிறது.