62 அரசாணைகளும் அசோக் நகர் மாடி வீடும்

அசோக் பில்லர் பக்கம் உள்தெருக்கள்ல நடந்திருக்கீங்களா? கீழே டியூஷன் சென்டர், மேலே குடித்தனம்னு பல வீடுகளைப் பார்க்கலாம். "என் வீடு, பட்டா என் பேர்ல, நான் யாரைக் கேட்கணும்?" இது ஓனர்கள் வழக்கமா கேட்கிற கேள்வி. இதுக்கான பதிலுக்கு நூறு வயசு தாண்டிடுச்சு.

1920-ல் மதராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தது. அந்தப் பத்தாண்டில்தான் ஏரியைத் தூர்த்து தி.நகரை உருவாக்கினாங்க. தெரு எங்கே, பூங்கா எங்கே, வீடு எங்கேன்னு முதலிலேயே வரைந்துவிடும் வழக்கம் வளர்ந்தது. 1960-களில் உருவான அசோக் நகரும் அப்படித் திட்டமிட்ட பகுதிதான்.

அடுத்து, 1971-ன் நகர் ஊரமைப்புச் சட்டம். அதில் 113-ஆவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, அரசு நினைத்தால் எந்த நிலத்துக்கும் கட்டடத்துக்கும் விதிகளிலிருந்து விலக்கு தரலாம். 1987-88-ல் மட்டும் அப்படி 62 அரசாணைகள்! சென்னையின் கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் வழக்கு போட்டது. 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், "பிரிவு செல்லும், ஆனால் அதை இஷ்டத்துக்குப் பயன்படுத்தக்கூடாது" என்று சொல்லி 62-ஐயும் ரத்து செய்தது.

இதுக்கு நடுவுல 1998-ல் 113-ஏ வந்தது. கட்டணம் கட்டினா விதிமீறிய கட்டடத்தை வரன்முறை பண்ணிக்கலாம். ஒரே ஒரு தடவைதான் என்பதால் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆனா அரசு 2000, 2001, 2002 என்று கடைசித் தேதியைத் தள்ளிக்கிட்டே போனது. 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகள் செல்லாது என்றது. 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு கட்டினவங்க மாட்டிக்கிட்டாங்க.

இதில் நமக்கு என்ன? இடம் யாருடையதுன்னு பட்டா சொல்லும். எதுக்குப் பயன்படுத்தலாம்னு சொல்லாது. அதை 2008-ன் இரண்டாவது மாஸ்டர் பிளான்தான் சொல்லும். கீழ்த்தளத்தை கிளினிக்குக்கோ கடைக்கோ விடுவதற்கு முன்னாடி, அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னாடி, உங்க சர்வே எண் எந்த மண்டலத்தில் இருக்குன்னு சி.எம்.டி.ஏ.வில் பாருங்க. நோட்டீஸ் வந்துட்டா மேசை டிராயரில் போட்டு மூடாதீங்க. சட்டத்தில் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கு, காலக்கெடுவும் இருக்கு. உடனே வக்கீலைப் பாருங்க.

இன்னொண்ணு. நீங்க விடாத பக்கவாட்டு இடம், பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு வர வேண்டிய வெளிச்சம். விதி அவங்களுக்காகவும்தான்.