ஆறு வாரம் முன்பே தெரிந்த ஆபத்து

1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் நகரை ஒட்டிய தேசிய விமான நிலையத்தில் பலத்த காற்று வீசியது. அங்கே இறங்க வேண்டிய டி.டபிள்யு.ஏ. நிறுவனத்தின் 514-ஆம் விமானத்தை டலஸ் விமான நிலையத்துக்குத் திருப்பி விட்டார்கள். மேகமும் பனிப்பொழிவும் சூழ்ந்திருந்ததால் விமானிகளுக்குத் தரை தெரியவில்லை. 'தரையிறங்க அணுகலாம்' என்று கட்டுப்பாட்டு மையம் அனுமதி தந்ததும் 1,800 அடி உயரத்துக்கு இறங்கினால் ஆபத்தில்லை என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மலையிலிருந்து விலகிப் பறப்பது விமானியின் பொறுப்பு என்பது கட்டுப்பாட்டாளரின் புரிதல். ஒரே சொல்லை இரு தரப்பும் இரு விதமாகப் புரிந்துகொண்டிருந்தன. விமானம் வர்ஜீனியாவின் மவுண்ட் வெதர் மலையில் மோதியது. 92 பேர் இறந்தார்கள். விசாரணையில் வெளிவந்த இன்னொரு செய்தி இதைவிடக் கொடியது. ஆறு வாரங்களுக்கு முன்பு யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே அணுகுபாதையில், அதே குழப்பத்தில் தாழ இறங்கி, அந்த மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் அதைத் தங்கள் நிறுவனத்திடம் சொன்னார்கள். நிறுவனமும் தன் விமானிகளை எச்சரித்தது. அந்த எச்சரிக்கை டி.டபிள்யு.ஏ. விமானிகளை எட்டவில்லை.

பார்வை மறைந்த வானத்தில் பயணியைக் காப்பது எது என்று கேட்டால் ராடார், எச்சரிக்கைக் கருவி, வழிகாட்டும் அலைக்கற்றை என்று அடுக்குவோம். இவற்றுக்கு இணையாக வைக்க வேண்டிய ஒன்று, தவறு செய்துவிட்டுத் தப்பியவர் அச்சமில்லாமல் வாய் திறப்பதற்கான ஏற்பாடு. விபத்து நேர்ந்தால் விசாரணை தானாக வரும். எல்லோரும் பிழைத்துவிட்ட சம்பவத்துக்கு அதை அனுபவித்தவர்களே சாட்சி. சொன்னால் உரிமம் போகுமென்றால் அவர்கள் ஏன் சொல்லப் போகிறார்கள்? 1968-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், வானில் மோதல் தவிர்ந்த சம்பவங்களைச் சொல்பவர்மீது நடவடிக்கை எடுப்பதில்லை என்று உறுதியளித்து ஓர் ஆய்வு நடத்தியது. அறிக்கைகள் வந்து குவிந்தன. வானம் திடீரென்று மோசமாகிவிடவில்லை; அதுவரை பேசாதிருந்தவர்கள் பேசத் துணிந்தார்கள்.

மவுண்ட் வெதர் விபத்துக்குப் பிறகு 1975-இல் அதே நிர்வாகம் ஓர் அறிக்கைத் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் விதி எழுதுவதும் தண்டிப்பதும் அந்த நிர்வாகமே என்பதால் விமானிகள் அதை நம்பவில்லை. ஆகவே 1976-இல் அந்தப் பணி நாசாவிடம் ஒப்படைக்கப்பட்டது. யாருடைய உரிமத்தையும் பறிக்கும் அதிகாரம் நாசாவுக்கு இல்லை. அதுவே அதன் தகுதி. படிவத்தின் ஒரு பகுதியில் மட்டும் அனுப்பியவரின் பெயர் இருக்கும். ஐயம் எழுந்தால் ஆய்வாளர் அவரை அழைத்துப் பேசலாம். பிறகு அந்தத் துண்டில் தேதி முத்திரை குத்தி அவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்; அறிக்கையில் பெயர் மிஞ்சாது. இந்த எளிய துண்டுச்சீட்டை விமானப் போக்குவரத்து வரலாற்றின் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன். பிரிட்டனும் 1982-இல் இதுபோன்ற ரகசிய அறிக்கை முறையைத் தொடங்கியது.

அலட்சியக்காரன் இப்படித் தப்பித்துக்கொள்ள மாட்டானா என்ற கேள்வி நியாயமானது. விதிகளைப் பார்த்தால் அதற்கு அதிகம் இடமில்லை. குற்றச்செயலுக்கும் விபத்துக்கும் வேண்டுமென்றே செய்த மீறலுக்கும் விலக்கு கிடையாது. பத்து நாட்களுக்குள் எழுத வேண்டும். முந்தைய ஐந்தாண்டுகளில் விதிமீறல் பதிவாகியிருக்கக் கூடாது. அப்போதும் நீங்குவது தண்டனைதான். மீறல் நடந்தது என்ற முடிவு நீங்காது. வலுவான ஆட்சேபம் வேறொன்று உண்டு: தானாக முன்வந்து எழுதுபவர்களின் அறிக்கைகளை எண்ணி, ஆபத்து கூடியதா குறைந்ததா என்று கணக்கிட முடியாது. உண்மைதான். ஆனால் டலஸ் குழப்பத்தை அறிய நூறு அறிக்கைகள் தேவைப்படவில்லை. ஒரே ஓர் அறிக்கை உரிய கைகளுக்குப் போயிருந்தால் போதும்.

கருவிகள் முன்னேறிய பிறகு இதெல்லாம் எதற்கு என்பாரும் உண்டு. 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியின் மேல் சவுதி விமானமும் கசாக் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். அதன் பிறகே இந்தியா மோதல் தவிர்ப்புக் கருவியைக் கட்டாயமாக்கியது. அந்தக் கருவி காத்த உயிர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தரையிலிருந்து சுமார் ஆயிரம் அடிக்குக் கீழே அது 'ஏறு, இறங்கு' என்று கட்டளையிடாது. மூடுபனி படுத்திருக்கும் ஓடுபாதைக்கு மேலே, கடைசி நிமிடத்தில், பாதுகாப்பு பெரிதும் மனிதரின் ஊகத்தையே நம்பியிருக்கிறது.

2023 பிப்ரவரி 4 அதிகாலையில் டெக்சஸின் ஆஸ்டின் விமான நிலையத்தில் நடந்தது அதுதான். அடர்ந்த மூடுபனியில் ஃபெட்எக்ஸ் சரக்கு விமானம் இறங்க வந்துகொண்டிருந்தபோது, அதே ஓடுபாதையிலிருந்து சவுத்வெஸ்ட் பயணிகள் விமானம் புறப்படக் கட்டுப்பாட்டாளர் அனுமதி கொடுத்தார். முன்னது வருவதற்குள் பின்னது கிளம்பிவிடும் என்று எண்ணினார். கோபுரத்திலிருந்து பார்த்தால் ஓடுபாதை தெரியவில்லை. தரையில் நகரும் விமானங்களைக் காட்டும் கருவியும் அங்கே இல்லை. கீழே இருந்த விமானத்தைச் சரக்கு விமானத்தின் விமானிகள் பனிக்குள் கண்டு உடனே மேலே ஏறியதால் இரண்டு விமானங்களிலும் இருந்த 131 பேரும் பிழைத்தார்கள். இடைவெளி இருநூறு அடிகூட இல்லை. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை என்று விட்டுவிடாமல், தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பெரும் விபத்தைப் போலவே இதையும் விசாரித்தது. கட்டுப்பாட்டாளரின் ஊகத்தோடு நிற்காமல் கருவி இல்லாததையும் பயிற்சியின் குறையையும், ஓடுபாதையில் தாமதம் ஆகும் என்று சவுத்வெஸ்ட் விமானிகள் சொல்லாததையும் 2024-இல் பதிவு செய்தது. அதே ஆண்டில் ஆஸ்டின் கோபுரத்துக்கு, ஓடுபாதையில் இருக்கும் விமானங்களைக் காட்டும் திரை வந்து சேர்ந்தது.