ஹ்வேசிக்: நாமா, நாங்களா?

அன்று இடைத்தேர்வின் கடைசி நாள். மதியத்துக்குள் மாணவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரு மணிக்குத் துணைத் தலைமையாசிரியர் வந்து, நண்பரின் தோளைத் தட்டி ஒரே ஒரு ஆங்கிலச் சொல் சொன்னாராம்: “பஸ்.” வெளியே உண்மையிலேயே ஒரு பஸ் நின்றது. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம், ஒன்றும் தெரியாது. தோல் சப்பாத்தோடு ஒரு மலை ஏறி இறங்கி, மாலையில் பன்றி வயிற்றுக்கறி சுடும் கடையில் நாற்பது ஆசிரியர்களோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அது 2015 அக்டோபர். நம் கணக்கில் புரட்டாசி.

நண்பர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழர். தமிழில் பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம். ஆனால் புரட்டாசியில் கறி மீன் தொடமாட்டார். டர்பன் தமிழ்க் குடும்பங்களில் அது இன்னமும் கெட்டியாக நிற்கும் பழக்கம். 2022இல் என் தொழிற்சாலை என்னை ஆறு மாதப் பயிற்சிக்குக் கொரியாவுக்கு அனுப்பியபோது அவர் பழக்கமானார். அவர் சொன்ன கதைகளிலிருந்துதான் இந்தக் கட்டுரைக்கான வாசிப்பே தொடங்கியது.

அந்த மாலைக்குக் கொரிய மொழியில் ‘ஹ்வேசிக்’ என்று பெயர். கூடுதல், உண்ணுதல் என்று பொருள்படும் இரண்டு சீன எழுத்துகள். அலுவலகமோ பள்ளியோ, சக ஊழியர்கள் கூடிச் சாப்பிடுவதும் குடிப்பதும் ஹ்வேசிக். முதல் சுற்று ‘இல்ச்சா’, கறியும் சோஜுவும். இரண்டாம் சுற்று ‘ஈச்சா’, பெரும்பாலும் பியர் கடை அல்லது பாட்டு அறை. மூன்றாம் சுற்றுக்கும் பெயர் உண்டு, போகிறவர்கள் பாடு. தன் கோப்பையைத் தானே நிரப்பக்கூடாது. பெரியவருக்கு இரண்டு கையாலும் ஊற்ற வேண்டும். அவர் முன்னால் குடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

இந்த முறைகள் நேற்று வந்தவை இல்லை. சோசன் அரசு காலத்தில் கன்பூசிய அறிஞர்கள் ஊர்தோறும் நடத்திய ஒரு சடங்கு உண்டு, ‘ஹ்யாங்-உம்-ஜுர்யே’. ஊர்ப் பெரியவர்களை வயது வரிசைப்படி உட்காரவைத்து மது பரிமாறுவது. குடிப்பதற்காக அல்ல, யார் மூத்தவர் என்று ஊருக்குக் கற்றுக்கொடுப்பதற்காக. அந்தச் சடங்கிலிருந்து இன்றைய கறிக்கடைக்கு நேர்க்கோடு போட முடியாது. ஆனால் குடியைப் பாடமாக்கும் எண்ணம் அங்கேயே இருக்கிறது.

நாம் பார்க்கும் ஹ்வேசிக்கின் உடம்பு இருபதாம் நூற்றாண்டில் உருவானது. 1965இல் அரிசிப் பற்றாக்குறையால் அரிசியில் சாராயம் காய்ச்சுவதை அரசு தடுத்தது. சாராயச்சத்தில் தண்ணீர் கலந்த மலிவு சோஜு நாடெங்கும் பரவியது. 1945 முதல் இருந்த நள்ளிரவு ஊரடங்கு 1982 ஜனவரியில்தான் பெரும்பாலான இடங்களில் நீங்கியது. அதுவரை மணி பன்னிரண்டுக்குள் வீடு சேர வேண்டும், பிறகு அந்தக் கவலை இல்லை. வருமானம் கூடிய எண்பதுகளில் பன்றி வயிற்றுக்கறி சாதாரணச் சம்பளக்காரரின் விருந்தானது. 1991இல் பூசானில் முதல் ‘நோரேபாங்’ வந்தது, இரண்டாம் சுற்றுக்கு இடம் கிடைத்தது. ஏற்றுமதி இலக்குகளுக்காக ஓய்வில்லாமல் உழைத்த ஒரு நாடு, உழைப்பின் நீட்டிப்பாகவே இரவையும் ஆக்கிக்கொண்டது.

பள்ளிகளில் இதற்குத் தனிக் கணக்கு. ஆசிரியர்கள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் ‘சின்மோக்ஹ்வே’ என்ற நட்புச் சங்கத்துக்குச் சந்தா கட்டுவார்கள். விருந்துப் பணம் அதிலிருந்து வரும். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பள்ளி மாறியே ஆக வேண்டும், அதனால் பிப்ரவரியில் வழியனுப்பு, மார்ச்சில் வரவேற்பு. உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர்கள் இரவு பத்து வரைகூட உட்கார்ந்து படிப்பார்கள், ஆசிரியர்களும் மாற்றி மாற்றிக் காவல் இருக்க வேண்டும். எல்லாரும் சேர்ந்து மூச்சு விடக் கிடைப்பது தேர்வு நாள் மதியம் மட்டும்தான். மலை, கடற்கரை, மீன் கடை எல்லாம் அந்த மதியங்களில்தான். இது தவிர ஆசிரியர் கைப்பந்து வேறு.

இந்த மேசைக்கு வெளிநாட்டு ஆசிரியர் எப்போது வந்தார்? 1966 முதல் 1981 வரை அமெரிக்க அமைதிப்படைத் தொண்டர்கள் சுமார் 2000 பேர் கொரியாவில் வேலை செய்தார்கள். பலர் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார்கள். 1975இல் யேசான் என்ற சிற்றூரின் நடுநிலைப் பள்ளிக்கு வந்த கேத்லீன் ஸ்டீவன்ஸ், 2008இல் அமெரிக்கத் தூதராகவே சியோலுக்குத் திரும்பினார். 1995இல் கொரிய அரசே ‘எபிக்’ திட்டத்தைத் தொடங்கி, அரசுப் பள்ளிகளுக்கு ஆங்கில ஆசிரியர்களை இறக்கியது. மாணவர்கள் அவர்களை ‘வோனோமின்’ என்பார்கள். மூல மொழி மக்கள் என்று பொருள்.

யார் மூல மொழி மக்கள்? அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. இந்த ஏழு நாட்டுக் கடப்பிதழ் இருந்தால்தான் ஆங்கிலம் கற்பிக்கும் விசா. 2010இல் இந்தியாவோடு செய்த பொருளாதார ஒப்பந்தம், ஆங்கிலப் பட்டமும் ஆசிரியர் சான்றிதழும் உள்ள இந்தியர்களுக்கு ஒரு சிறிய கதவைத் திறந்தது. மலேசியருக்கும் சிங்கப்பூரருக்கும் இடமில்லை. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறியவரின் வாரிசு டர்பனில் பிறந்ததால் மூல மொழிக்காரர். ரப்பர் தோட்டத்துக்கு வந்தவரின் வாரிசு நான், இல்லை. இதைச் சொன்னபோது இரண்டு பேரும் சிரித்துவிட்டோம், வேறென்ன செய்ய?

ஆனால் ஏழு நாட்டுக்காரர்களுக்கும் அந்த வரவேற்பு முழுமையாக இல்லை. 2007இல், வேறொரு நாட்டில் செய்த சிறார் குற்றத்துக்காகத் தேடப்பட்ட ஒருவர், கொரியாவில் ஆசிரியராக இருந்தது தெரியவந்து பெரும் கொந்தளிப்பானது. அதையொட்டி வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்கள் எச்.ஐ.வி. சோதனை செய்தாக வேண்டும் என்றார்கள். கொரிய ஆசிரியர்களுக்கும், கொரிய வம்சாவளி வெளிநாட்டவருக்கும் அந்தச் சோதனை கிடையாது. நியூசிலாந்துப் பெண் ஒருவர் மறுத்தார், வேலை போனது. 2015இல் ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2017இல்தான் கொரியா அந்த விதியைக் கைவிட்டது. நண்பரும் ரத்தம் கொடுத்துவிட்டுத்தான் அந்தப் பஸ்ஸில் ஏறியிருக்கிறார்.

கொரிய மொழியில் ‘உரி’ என்று ஒரு சொல். உரி பள்ளி, உரி வீடு, உரி நாடு என்று எதற்கும் முன்னால் வந்துவிடும். தமிழில் நமக்கு ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. எதிரில் இருப்பவர் உள்ளே சேர்த்தியா இல்லையா என்று வாய் திறந்ததுமே தெரிந்துவிடும். ‘உரி’க்கு அந்தப் பிரிவு இல்லை. தலைமையாசிரியர் கோப்பையைத் தூக்கி “உரி பள்ளி” என்று சொல்லும்போது, தான் அதற்குள்ளா வெளியிலா என்று நண்பருக்கு எட்டு வருடமாகத் தெரியவில்லையாம்.

புரட்டாசி மாலைக்கு வருகிறேன். கறி வேண்டாம் என்று உடன் பாடம் எடுக்கும் ஆசிரியையிடம் மெல்லச் சொன்னார். அவர் மேசைக்கு அறிவித்துவிட்டார். நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சூப்பில் நெத்திலி, கிம்ச்சியில் மீன் சாறு, எதைத்தான் சாப்பிடுவது? துணைத் தலைமையாசிரியர் எழுந்து வந்து அடுப்பைப் பார்த்தார். கொழுப்பு வடிவதற்காக அந்தக் கல்லைச் சாய்வாக வைத்திருப்பார்கள். மேட்டுப் பக்கத்தைத் துடைத்து, காளானும் பூண்டும் அடுக்கினார். கறியைப் பள்ளத்துப் பக்கம் ஒதுக்கினார். பிறகு இரண்டு மணி நேரம் அங்கேயே இடுக்கியோடு காவல் உட்கார்ந்தார், யாரும் மேட்டில் கறி வைத்துவிடக்கூடாது என்று. ஒரு பொறியாளனாக எனக்கு இந்தத் தீர்வின் மேல் பெரிய மரியாதை.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதே மேசையில் அந்த ஆசிரியையும் இருந்தார்.

2016 செப்டம்பரில் வந்த லஞ்சத் தடுப்புச் சட்டம் பெற்றோர் ஆசிரியருக்கு வைக்கும் விருந்துகளுக்குக் கதவடைத்தது. 2018 ஜனவரியில் சோ ஜி-ஹ்யோன் என்ற அரசு வழக்கறிஞர் தொலைக்காட்சியில் தோன்றி, மூத்த அதிகாரி ஒருவர் தன்னிடம் தகாத முறையில் நடந்ததைச் சொன்னார். அடுத்தடுத்துப் பெண்கள் பேசினார்கள், பல கதைகளில் ஹ்வேசிக் மேசை வந்தது. 2019 ஜூலையில் பணியிடக் கொடுமைக்கு எதிரான சட்டம் அமலானது. குடிக்கவும் விருந்துக்கு வரவும் வற்புறுத்துவதைக் கொடுமைக்கான உதாரணமாகவே அரசு வழிகாட்டி சொன்னது. அப்புறம் கோவிட். 2021 தொடக்கத்தில் ஐந்து பேர் கூடவே தடை. இதற்கெல்லாம் முன்பே, 2012 வாக்கில், சியோல் உயர்நிலைப் பள்ளிகளில் வெளிநாட்டு ஆசிரியர்களைக் குறைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

2022இல் கட்டுப்பாடு தளர்ந்ததும் நண்பரின் பள்ளியில் ஹ்வேசிக் மதியச் சாப்பாடாகச் சுருங்கியது. மாட்டு விலா சூப், ஒரு மணி நேரம், அவ்வளவுதான். நண்பருக்கு வருத்தம். ஆசிரியர் அறையில் அவரிடம் யாரும் பேசுவதில்லை. இரண்டு கோப்பை சோஜுவுக்குப் பிறகுதான் கணித ஆசிரியருக்கு ஆங்கிலம் வரும். அந்த வருத்தத்தை ஆசிரியையிடம் சொன்னார். அவர் சொன்ன பதில்: “நீங்கள் முதல் சுற்றோடு வீட்டுக்குப் போவீர்கள், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். நான் மூன்றாம் சுற்று வரை ஊற்றிக்கொண்டிருந்தேன். நேரத்தைப் பார்க்கக்கூட முடியாது, கடிகாரம் தலைமையாசிரியர் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.”

நண்பர் வெளியாள் என்பதால் அவருக்குக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே இருந்தவருக்குத்தான் பூட்டு. எட்டு வருடம் ‘உரி’க்குள் இடம் தேடியவருக்கு, அந்த இடத்துக்கு என்ன விலை என்று அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

“அந்தக் காளான் ஆள் இப்போ எங்கே?” என்று கேட்டேன். ஓய்வு பெற்றுவிட்டாராம். பெயர் என்ன என்று கேட்டேன். நண்பர் யோசித்தார். கொரியாவில் பதவிப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். எல்லாரும் ‘க்யோகாம்-நிம்’ என்பார்கள், அதாவது துணைத் தலைமையாசிரியர் அவர்கள். அவரும் அப்படியே கூப்பிட்டிருக்கிறார். கடைசிவரை பெயர் ஞாபகம் வரவில்லை.