அலைவரிசைக் காலம் – 14: நூறு ரூபாய்க் கேள்வி

1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒடுக்கிய கதையைப் போன வாரம் பார்த்தோம். ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? ரேடியோ முள்ளைச் சிற்றலைப் பக்கம் திருப்பினார்கள். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படையினருக்காக இலங்கையில் அமைத்த டிரான்ஸ்மிட்டர், போர் முடிந்தபின் இலங்கை வானொலியின் கைக்கு வந்திருந்தது. அதன் வீச்சு பம்பாயையும் தாண்டியது.

விளம்பரதாரர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் ஒரு சிக்கல். பத்திரிகை என்றால் எத்தனை பிரதி விற்றது என்று கணக்குக் கேட்கலாம். காற்றில் போகும் குரலை எத்தனை பேர் கேட்டார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேள்வி கேட்டு, பரிசு அறிவித்தால் கடிதம் வரும், கடிதத்தை எண்ணிவிடலாம்.

அப்படிப் பிறந்ததுதான் ‘பினாகா கீத்மாலா’. முதல் ஒலிபரப்பு 1952 டிசம்பர் 3, புதன்கிழமை. பற்பசை விற்ற சீபா நிறுவனம் பணம் போட்டது. பம்பாயில் பதிவான ஒலிநாடா விமானமேறிக் கொழும்பு போய், அங்கிருந்து அலையாகப் பம்பாய்க்கே திரும்பியது. பிற்காலத்தில் வாராவாரம் பாட்டுகளுக்குத் தரவரிசை போட்டுப் புகழ்பெற்ற அந்த நிகழ்ச்சி, தொடக்கத்தில் ஒரு புதிர்ப் போட்டி. ஏழு பாட்டுகளை முன்பின்னாகக் கலைத்து ஒலிபரப்புவார்கள். எது முந்தி வந்தது, எது பிந்தி வந்தது என்று வரிசைப்படுத்தி எழுதிப் போட வேண்டும். பரிசு நூறு ரூபாய்.

எழுதுவது, பேசுவது, வந்த கடிதங்களைப் பார்ப்பது எல்லாம் ஒரே ஆள். வாரச் சம்பளம் 25 ரூபாய். அந்தக் காசுக்கு மூத்தவர்கள் யாரும் முன்வராததால், இருபது வயது நிறையாத அமீன் சயானியின் தலையில் வேலை விழுந்தது. ஐம்பது கடிதம் வந்தாலே பெரிது என்று நினைத்திருந்தார்கள். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 வந்தன! ஒரு வருடத்துக்குள் வாரத்துக்கு 60,000 என்று ஏறியது. ஆளை எண்ணத் தொடங்கிய போட்டி எண்ணி மாளாமல் போனது. 1954-ல் போட்டியைக் கைவிட்டுத் தரவரிசைக்கு மாறினார்கள்.

கேள்வி-பதில் மோகம் அதோடு அடங்கவில்லை. 1967 நவம்பர் 1-ல் பம்பாய், புனே, நாக்பூரில் அகில இந்திய வானொலியின் விவித் பாரதி சேவையில் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. விளம்பரம் வேண்டாம் என்றிருந்த அரசு வானொலி, கொழும்பின் வழிக்கே வந்தது. 1972-ல் ‘போர்ன்விட்டா க்விஸ் கான்டெஸ்ட்’ பிறந்தது. முதலில் நகரங்களில் மேடைப் போட்டி, பிறகு வானொலி. கேள்வி கேட்டவர் அமீனின் அண்ணன் ஹமீத் சயானி. தம்பியை ஒலிவாங்கிக்கு முன் கொண்டுவந்ததும் அவர்தான். 1975-ல் ஹமீத் மறைந்ததும் தம்பியே நிகழ்ச்சியை ஏற்றார்.

இங்கே குறி மாறியது. கீத்மாலாவில் கேட்பவரே போட்டியாளர். இதில் பள்ளிகள் மோதின. வீட்டிலிருப்பவர் பதிலை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பதோடு சரி, தபால் தலை செலவில்லை. பற்பசைக்காரருக்குத் தலைக்கணக்கு தேவைப்பட்டது. பானம் விற்றவருக்கோ அம்மாக்களின் நம்பிக்கை. பம்பாயின் மாட்டுங்கா, செம்பூர் தமிழ்க் குடும்பங்களில் படிப்புதானே சொத்து. 1932-லேயே மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கிப் பள்ளி நடத்தியவர்கள் அவர்கள். ‘சும்மா ரேடியோ கேட்காதே’ என்று அதட்டிய அப்பாவே வால்யூமைக் கூட்டி வைக்கத்தக்க நிகழ்ச்சி இது.

1992-ல் போட்டி ஜீ தொலைக்காட்சிக்குப் போனது. டெரிக் ஓ’பிரையன் நடத்தினார். அமீன் சயானி 2024 பிப்ரவரியில் மும்பையில் காலமானார். இன்று எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதைச் செல்பேசியே சொல்லிவிடுகிறது. அன்று அதைத் தெரிந்துகொள்ள நேயரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. அவரும் மெனக்கெட்டுப் பதில் எழுதினார்.

*அடுத்த வாரம்: இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் பி.எச்.அப்துல் ஹமீதும் ‘பாட்டுக்குப் பாட்டு’ம்.*