மண்ணுக்குள் தூங்கும் வெங்காயம்

ரெண்டு வருஷம் முன்னாடி நெதர்லாந்துல இருந்து வந்த அக்கா மகன் பத்து துலிப் கிழங்கைக் கையில கொடுத்து, "மாமா, பூக்க வச்சுக் காட்டுங்க பார்ப்போம்"னான். ஒண்ணை நறுக்கிப் பார்த்தேன். அச்சு அசல் நம்ம சின்ன வெங்காயம். அடுக்கடுக்கா சதை, நடுவுல ஒரு குட்டி மொட்டு. மிச்சத்தை நட்டேன். இலை வந்துச்சு, பூ வரல. எரு போதலைன்னு நினைச்சேன். போதாம போனது குளிரு.

துலிப்போட பூர்வீகம் மத்திய ஆசிய மலைச்சரிவுகள். கோடையில மண் காய்ந்து கிடக்கும், குளிர்காலத்தில் பனி மூடும். நடுவுல சில வாரம் வசந்தம், அவ்வளவுதான். அதனால் மொட்டைக் கோடையிலேயே உள்ளுக்குள் தயார் பண்ணி வச்சுக்குது. குளிர் பட்டதும் கிழங்கின் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமா சர்க்கரையாக மாறும். சர்க்கரை கலந்த தண்ணி லேசுல உறையாது. 12 முதல் 16 வாரம் இந்தக் குளிரை அனுபவிச்சாத்தான் பூந்தண்டு நீளும். நம்ம ஊர் மார்கழிப் பனியெல்லாம் அதுக்கு எந்த மூலைக்கு?

துருக்கி சுல்தான்களின் தோட்டத்தில் செல்லமா வளர்ந்த பூ இது. 1593-ல் லைடன் பல்கலைக்கழகத் தோட்டத்துக்குப் பொறுப்பாளராக வந்த கரோலஸ் குளூசியஸ் நட்ட கிழங்குகள் அடுத்த வசந்தத்தில் பூத்தன. அவர் தோட்டத்துல கிழங்குத் திருட்டு கூட நடந்திருக்கு.

அப்புறம் 1636 குளிர்காலம். கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ள. தோண்டி எடுத்துக் கைமாத்த முடியாது. வியாபாரி காத்திருப்பானா? சாராயக்கடையில உட்கார்ந்து சீட்டு எழுதியே வித்தாங்க, வாங்கினவன் அதையே அடுத்தவனுக்கு வித்தான். டச்சுக்காரங்களே அதுக்குக் 'காற்று வியாபாரம்'னு பேர் வச்சாங்க. 1637 பிப்ரவரியில் ஹார்லெம் ஊர்ல ஏலம் கேட்க ஆளில்ல. விலை பொத்துனு விழுந்துச்சு. கிழங்கு மட்டும் எதுவும் தெரியாம தூங்கிக்கிட்டு இருந்தது. மஞ்சளை முன்பேர வர்த்தகத்துல விக்கிறாங்கன்னு கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருது.

இன்னொரு குளிர்காலம் 1944-45. ஜெர்மனியின் பிடியில் இருந்த மேற்கு நெதர்லாந்துக்கு உணவு வரத்து நின்னுபோச்சு. பட்டினியில் 20,000 பேருக்கு மேல் செத்தாங்க. போரால நடாம கிடங்கில் கிடந்த துலிப் கிழங்கைத்தான் ஜனங்க தின்னாங்க. நடுக்குருத்து உடம்புக்கு ஆகாது. அதைத் தோண்டி எறிஞ்சுட்டு, மிச்சத்தை வேகவச்சோ மாவாக்கி ரொட்டி சுட்டோ சாப்பிட்டாங்க. அந்தக் குருத்துலதான் மொட்டு இருக்கும்.

இந்த வருஷம் மருமகன் மறுபடி நாலு கிழங்கு கொடுத்திருக்கான். ஐப்பசியிலேயே ஃப்ரிட்ஜில் வச்சாச்சு. ஆப்பிள் பக்கத்துல வைக்கக் கூடாதாம், பழத்திலிருந்து வர்ற வாயு மொட்டைக் கருக்கிடும். தை கடைசியில எடுத்து நடணும். அதுவரைக்கும் வீட்டுக்காரி சட்னிக்கு உரிச்சிடாம இருக்க, "இது வெங்காயம் இல்லை"ன்னு டப்பா மேல சீட்டு ஒட்டியிருக்கேன்.